தங்க எழுத்துப் புத்தகமும் சாம்பல் அட்டைப் புத்தகமும்

“மின்சாரத்துல ஒரு நாளாச்சும் கை வெச்சிருக்குமா இந்தப் பொண்ணு? புத்தகத்தப் பொரட்டிப் பாத்து எது நல்லது எது கெட்டதுன்னு இது சொல்லிருமா?”

அண்ணனின் மேஸ்திரியான மண்டோர் இதை என்னிடம் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, என் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டான். மேசையின்மேல் மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. மூன்றும் மின்சாரத் தொழிலைப் புதிதாகக் கற்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றை எங்கள் தமிழர் சங்கத்து வாசகசாலை வாங்கப் போகிறது. எதை என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தோம்.

நான் எழுந்து மூன்று புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“மூணு வாரம் குடுங்க மாமா. பாத்துச் சொல்றேன்” என்றேன்.

அது துணிச்சல் என்று பிறகு பலர் சொன்னார்கள். துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய ஆண்டு புத்தகம் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். அந்தப் புத்தகத்தை நம்பிப் பரீட்சைக்குப் போன நான்கு பேரும் தோற்றார்கள். அவர்களில் ஒருவன் என் அண்ணன். மண்டோர் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைப் பொய்யாக்குவது என் வேலை.

எங்கள் வீடு மலாய் நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில், படகுக்காரத் தெருவில். அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் ஸ்டாண்டர்டு முடித்து, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் போகும்போது கையிலிருக்கும் புத்தகத்தின் பெயர் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடப்பேன். அந்தப் பழக்கத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அண்ணனுக்கு மின்சார இலாகாவில் கூலி வேலை. குழி தோண்டுவது, கம்பம் தூக்கி நிறுத்துவது, கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டு போவது. அந்தக் கூட்டத்துக்குத்தான் மண்டோர் தலைவர். கூலியாக இருப்பவன் வயர்மேன் ஆக வேண்டுமென்றால் ஒரு பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சை இல்லை. இன்ஜினீயர் துரை மலாய் மொழியில் கேள்வி கேட்பார், வாயால் பதில் சொல்ல வேண்டும். பிறகு கையால் செய்து காட்ட வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு முறைதான் அனுமதி.

முதல் முறைக்கு நான் எடுத்த புத்தகம் கேள்வி பதில் வடிவில் இருந்தது. ஃபியூஸ் என்றால் என்ன, ஸ்விட்ச் என்றால் என்ன, மின்சுற்று என்றால் என்ன என்று பக்கத்துக்கு ஆறு கேள்வி. எந்தப் பதிலும் இரண்டு வரிக்கு மேல் போகாது. என் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் நாங்கள் அப்படித்தான் ஒப்பித்தோம். அதனால் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பதில்களைத் தமிழாக்கி, மலாயிலும் ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாசகசாலையில் நான்கு பேரையும் உட்காரவைப்பேன். நான் கேட்பேன், நான்கு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். கீழே வெற்றிலைக் கடையில் நிற்கிறவர்கள் மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள். பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அண்ணன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூச்சுவிடாமல் சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்கிறான் என்றால் அது நல்ல புத்தகமாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பரீட்சை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“என்ன அண்ணே கேட்டாரு?”

“ஃபியூஸ் போச்சு, அதுல தடிச்ச கம்பியா எடுத்துக் கட்டிட்டா என்ன ஆகும்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“ஃபியூஸ் எனப்படுவது எளிதில் உருகும் மெல்லிய கம்பித் துண்டுன்னு சொன்னேன்.”

“அதையா கேட்டாரு?”

“இல்ல. ‘கெனாப்பா, கெனாப்பா’ன்னு ஏன் ஏன்னே கேட்டுக்கிட்டிருந்தாரு. நான் திருப்பியும் அதையே சொன்னேன்.”

“தடிக் கம்பி போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன. கடைத்தெருவுல ஒரு துணிக்கடையில எவனோ ஆணிய வெச்சுக் கட்டிட்டுப் போயிட்டான். சொவத்துக் கம்பியெல்லாம் வெந்துபோச்சு. நான்தானே ஏணியில ஏறி அறுத்து எடுத்தேன்.”

“அதையே சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“அது புத்தகத்துல இல்லியே.”

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ பாடம் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியம் போல் எதுவும் என்னைத் தைக்கவில்லை. அவன் கைக்குத் தெரிந்ததை, நான் கொண்டுவந்த புத்தகம் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. அண்ணன் என்னைக் குறை சொல்லவில்லை. மண்டோர் சொன்னார். “நாலு கிளியப் பழக்கி அனுப்பிட்டா லா” என்று, தன் மலாய் ‘லா’வையும் சேர்த்து, இலாகா முழுக்கப் பரப்பினார். நான்கு மாதம் போவதற்குள், மழையில் நனைந்த கம்பம் ஒன்று வழுக்கி அண்ணன் தோளில் விழுந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாரம் தூக்குவதுதான் அவன் வேலை. வயர்மேன் ஆனால் அந்தத் தோள் பிழைக்கும். ஆகாவிட்டால் தோளும் போகும், வேலையும் போகும். மீதமிருந்தது ஒரே ஒரு பரீட்சை.

இந்த நிலையில்தான் மூன்று புத்தகங்களும் வந்தன. எங்கள் தெரு முனையில் புத்தகக் கடை வைத்திருக்கும் நானா, பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்ற பேச்சின்பேரில் அவற்றைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். “எண்ணெய்க் கை படாம வெச்சிக்கம்மா. ரெண்டு புத்தகம் திரும்பிப் போவணும்” என்று மட்டும் சொன்னார்.

முதல் புத்தகம் கருநீலத் துணி அட்டை. முதுகில் தங்க எழுத்து. எழுதியவர் பெரிய கல்லூரியில் பேராசிரியர் என்று போட்டிருந்தது. மண்டோர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, “கனத்தப் பாருங்க. விஷயம் இல்லாமலா இந்தக் கனம் கனக்கும்” என்றார். சங்கத்துச் செயலாளருக்கும் அதுதான் பிடித்தது. அவர் ஆங்கிலம் படித்த குமாஸ்தா. இரண்டாவது, சிவப்பு அட்டை போட்ட படப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். மூன்றாவதன் அட்டை சாம்பல் நிறம், பழைய சாக்குத் துணி போல. தாள் முரடு, எழுத்து பொடி. ஏதோ தொழிற்சாலையில் வேலை பழக வருகிறவர்களுக்காக எழுதியதாம். அதை யாரும் திறக்கக்கூட இல்லை.

முதல் வாரம் தங்க எழுத்துப் புத்தகத்தைப் படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிசின் கட்டியைக் கம்பளியில் தேய்த்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்பதில் ஆரம்பித்து, காந்தம், திசைகாட்டி என்று நிதானமாக நடந்து, அறுபது பக்கம் தாண்டிய பிறகுதான் முதல் விளக்கு எரிகிறது. அந்த அறுபது பக்கத்திலும் ஒரு வரி வீண் இல்லை. படிக்கப் படிக்க நான் கெட்டிக்காரி என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே போனது.

அதுதான் என்னை நிறுத்தியது. போன வருடப் புத்தகமும் எனக்கு இப்படித்தான் பிடித்திருந்தது. ஏழாம் ஸ்டாண்டர்டு படித்தவளுக்குப் பிடிப்பதை வைத்து, பள்ளிக்கூடம் போகாதவனுக்கு நல்ல புத்தகம் எது என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு நீதிபதி வேண்டும். என்னைப் பார்த்து மலைக்காத, என் மனம் நோகும் என்று தயங்காத ஒரு ஆள் வேண்டும்.

அண்ணி இருந்தாள்.

அண்ணி கல்யாணமாகி ஊரிலிருந்து கப்பலில் வந்தவள். எழுத்து தெரியாது. நான் படித்தவள் என்று அவள் ஒரு நாளும் என்னைப் பாத்திரம் துலக்குவதிலிருந்து விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் எனக்குத் துணையாக வந்து, வாசகசாலைக் கதவோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் அம்மியில் மிளகாய் அரைக்கும் நேரமாகப் பார்த்து நான் ஒரு பக்கம் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்வேன். அவள் ஏதாவது கேட்பாள். அடுத்த பக்கத்தைத் திறந்து அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இதுதான் நான் கண்டுபிடித்த முறை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தங்க எழுத்துப் புத்தகத்தில் மூன்று நாள் காந்தத்தைப் பற்றிச் சொன்னேன். நான்காம் நாள் அண்ணி குழவியை நிறுத்தினாள்.

“இதெல்லாம் சரி. உங்க அண்ணன் எப்ப வருவாரு இதுக்குள்ள?”

“எதுக்குள்ள?”

“புத்தகத்துக்குள்ளதான். கம்பி, ஏணி, வெளக்கு ஒண்ணையும் காணோமே. நாலு நாளா ஊசியும் காந்தமுமாவே இருக்கு.”

சிவப்பு அட்டைப் புத்தகம் அண்ணிக்கு உடனே பிடித்தது. அதில் மின்சாரம் முழுவதையும் குழாய்த் தண்ணீராக்கிச் சொல்லியிருந்தார்கள். உயரத்தில் தொட்டி, கீழே குழாய், திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். எனக்கும் சொல்ல எளிதாக இருந்தது. பத்துப் பக்கம் ஒரே மூச்சில் போனது. அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். மழை இல்லாத மாதம் அது. தெருக்குழாயில் காலையிலும் மாலையிலும்தான் தண்ணீர் வந்தது.

“இப்ப நம்ம கொழாயில தண்ணி வராத நேரத்துல, வாயத் தொறந்து வெச்சாலும் ஒண்ணும் வராதுல்ல?”

“வராது.”

“அப்ப வெளக்கு எரியாத நேரத்துல உங்க அண்ணன் கம்பியத் தொட்டா ஒண்ணும் ஆகாது. நல்லதாப் போச்சு. நான்தான் தெனம் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்.”

விளக்கு எரியாத கம்பியிலும் உயிரை எடுக்கும் மின்சாரம் இருக்கலாம். அவள் கேட்டது மடத்தனம் இல்லை. புத்தகம் சொன்னதை அப்படியே நம்பினால் யாரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். தண்ணீர் உவமை எந்த இடத்தில் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறார்களா என்று அன்று முழுவதும் தேடினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் இல்லை. படம் மட்டும் அழகாக இருந்தது.

சாம்பல் அட்டைப் புத்தகத்தைக் கடைசியாக எடுத்தேன். அதிலும் தண்ணீர் உவமை இருந்தது. ஆனால் அது அரைப் பக்கம்தான். அதற்கு அடியிலேயே, இந்த ஒப்புமை இதோடு முடிந்தது என்ற கருத்தில் நான்கு வரி. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டாது. காய்ந்த குழாயைப் பயமில்லாமல் தொடலாம், அணைந்திருக்கும் கம்பியைத் தொடக்கூடாது. அண்ணி கேட்ட கேள்வியை யாரோ ஒருவர், கடல் தாண்டி, அவள் கேட்பதற்கு முன்னாலேயே காதில் வாங்கியிருக்கிறார். அந்த நான்கு வரியை நான் அவளுக்குச் சொன்னபோது அவள், “அப்ப நான் பயந்தது சரிதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

அந்தப் புத்தகம் முதல் பக்கத்திலேயே ஒரு பாட்டரிக் கட்டையும் டார்ச் பல்பும் கம்பியும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அப்போது மின்விளக்கு கிடையாது. அப்பாவின் டார்ச்சைப் பிரித்தேன். நானா கடைக்குப் பக்கத்துக் கடையில் இன்னொரு பல்பு கிடைத்தது. சமையல்கட்டுத் தரையில், பட்டப்பகலில், கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு நானும் அண்ணியும் இரண்டு பல்பை ஒரே வரிசையில் கோத்து எரியவைத்தோம். இரண்டும் மங்கலாக எரிந்தன. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்தது.

“ஒருத்தி கோவிச்சுக்கிட்டா வீடே இருட்டு” என்றாள் அண்ணி.

பிறகு ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வழி கொடுத்துக் கட்டினோம். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அண்ணி ஒன்றைக் கழற்றினாள், மற்றது அசையவில்லை. கழற்றியதை மாட்டினாள், மற்றதைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சோறு குழைந்துபோகும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்து வந்த அண்ணனுக்கு நான் ஒரு பாடத்தின் தொடக்கத்தை வாசித்துச் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடமும், வேலை செய்கிற ஒருவன் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஏதோ ஒன்றில்தான் தொடங்கும். இந்தப் பாடம், சுவருக்குள் கம்பி சூடாகிக் கருகியிருப்பதில் தொடங்கியது.

“இது எனக்குத் தெரியுமே” என்றான் அண்ணன்.

போன வருடம் முழுவதும் புத்தகத்தின் முன்னால் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதிதாகப் படிக்கிறவன் ஒரு முறையாவது இது எனக்குத் தெரியும் என்று சொல்லும்படி செய்யாத புத்தகம், தொடக்கநிலைப் புத்தகமே அல்ல. இது என் தீர்ப்பு. இதை நான் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை.

மூன்றாவது வாரம் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். மூன்று புத்தகத்திலும் பாடத்தின் முடிவில் கணக்கும் கடைசியில் விடைகளும் இருந்தன. எல்லாவற்றையும் போட்டேன். தங்க எழுத்துப் புத்தகத்தில் ஒரு கணக்கின் விடை எனக்கு வரவே இல்லை. கம்பி மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையைப் பற்றிய கணக்கு அது. மூன்று அளவு தடை உள்ள கம்பி ஒன்று, ஆறு அளவு உள்ள கம்பி ஒன்று. இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தத் தடை என்ன? எனக்கு இரண்டு வந்தது. புத்தகத்தில் நாலரை என்று அச்சாகியிருந்தது. நான்கு முறை போட்டேன். முதல் மூன்று முறை என்மீதே சந்தேகப்பட்டேன். நான்காவது முறை சந்தேகத்தைப் புத்தகத்தின் பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்ப முடியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

மூன்று வாரம் கழித்து அதே மேசை. செயலாளர், மண்டோர், அண்ணன், பரீட்சைக்குப் போக வேண்டிய மற்ற மூவர். அண்ணி கதவோரம் கீரையோடு. நான் சாம்பல் அட்டைப் புத்தகத்தை மேலே வைத்தேன்.

செயலாளர் சிரித்தார். “இதுவா? பாக்கவே பழைய லெட்ஜர் மாதிரி இருக்கேம்மா. அந்த நீலப் புத்தகத்துல என்ன குறை கண்டே?”

குறைகளைச் சொன்னேன். அறுபது பக்கக் காந்தத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். விடை தவறு என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“லண்டன்ல அச்சடிச்சது. அதுல தப்பு வராது. உன் கணக்குலதான் இருக்கும்.”

“போட்டுப் பாருங்க சார்.”

அவர் பென்சிலை எடுத்தார். கொஞ்ச நேரம் எழுதினார், அழித்தார். மண்டோர் என்னைப் பார்த்தார். “எனக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் வேணாம். எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா. முடியுமா?”

“மாமா, நீங்க முந்தி எங்கப்பாகூடப் படகுலதானே இருந்தீங்க?”

“இருந்தேன். ஏன்?”

“படகுலேர்ந்து கரைக்கு ஒரு அகலப் பலகை போட்டிருக்கு. மூட்டை அது வழியாப் போவுது. பக்கத்துல இன்னொரு ஒடுக்கப் பலகையும் போடுறோம். இப்ப மூட்டை எறங்குறது சுலபமாகுமா, கஷ்டமாகுமா?”

“சுலபந்தான். ஒடுக்கப் பலகையிலயும் ரெண்டு பேர் போவான்ல.”

“அகலப் பலகை மட்டும் இருந்தப்போ கஷ்டம் மூணுன்னு வெச்சுக்குங்க. ரெண்டாவது பலகை போட்டப்புறம் கஷ்டம் நாலரை ஆயிருச்சுன்னு இந்தப் புத்தகம் சொல்லுது.”

மண்டோர் தங்க எழுத்துப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். “பலகைய எடுத்தா கொறையும், போட்டா கூடும்னா, அது என்னலா படகு?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்கும் இரண்டுதான் வந்திருந்தது.

ஒரு விடை தவறு என்பதற்காக ஒரு புத்தகத்தைத் தள்ளக் கூடாது என்று அப்போதே நான் சொன்னேன். சாம்பல் அட்டைப் புத்தகத்திலும் ஒரு படத்தில் எழுத்து இடம் மாறியிருந்தது, அதையும் காட்டினேன். பிழை எதிலும் வரும். ஆனால் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்கிறவன் ஒரு நாளும் புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டான், தன் மூளையைத்தான் சந்தேகப்படுவான். சாம்பல் அட்டைப் புத்தகம் விளக்கை எரியவைத்துப் பார் என்று முதலிலேயே சொல்வதால், அதில் பிழை வந்தாலும் பல்பு காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தோளைத் தேய்க்கவில்லை.

சாம்பல் அட்டைப் புத்தகம் வாங்கப்பட்டது. வகுப்பில் யாரும் ஒப்பிக்கவில்லை. கீழே வெற்றிலைக் கடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. நான் ஒரு பத்தி வாசித்துச் சொல்வேன், அவர்கள் அதோடு சண்டை போடுவார்கள். அண்ணன் பெரிய சண்டைக்காரனானான். ஸ்விட்ச் பெட்டி பழுதாகும் காரணங்களைப் பற்றிய பாடம் முடிந்ததும், “பல்லியப் பத்தி ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டான்.

“இல்லண்ணே.”

“எறும்பு?”

“அதுவும் இல்ல.”

“அப்ப இவரு இங்க வந்து ஒரு பெட்டியத் தொறந்து பாத்ததில்ல. நாம பாக்குற பழுதுல பாதி பல்லிதான்.”

அந்தப் பாடத்தின் ஓரத்தில் நான் பல்லி, எறும்பு, கடல் காற்றின் உப்பு என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். புத்தகத்துக்கு நாங்கள் பதில் எழுதத் தொடங்கியது அப்படித்தான்.

பரீட்சை நாளன்று நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். அண்ணி கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படியில் நின்றேன்.

“அதே கேள்வி” என்றான்.

“ஃபியூஸா?”

“ம். துணிக்கடையப் பத்திச் சொன்னேன். ஆணிய வெச்சுக் கட்டினது, சொவரு கருகினது, நான் அறுத்து எடுத்தது எல்லாம். கெனாப்பான்னாரு. ஃபியூஸ் முதல்ல சாகணும், அதுக்குத்தான் அத வெக்கிறோம். ஆணி சாவாது, அதனால வீடு சாகும்னு சொன்னேன். அப்புறம் ஒரு பெட்டியக் குடுத்து பழுத கண்டுபிடின்னாரு.”

“கண்டுபிடிச்சியா?”

“தொறந்தேன். பல்லி.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவன் வயர்மேன் ஆகிவிட்டான் என்பதை அவனாகச் சொல்லவேயில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “நாளையிலேர்ந்து கம்பம் தூக்க வேணாமாம்” என்று மட்டும் சொன்னான். அப்பா படகிலிருந்து வந்தவுடன் அதை இரண்டு முறை கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்தச் சாம்பல் அட்டைப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். நான் திருத்தவில்லை.

நான்கு பேரில் மூன்று பேர் தேறினார்கள். தேறாத ஒருவரைப் பார்க்க அடுத்த ஞாயிறு நானே போனேன், அண்ணியையும் அழைத்துக்கொண்டு. வருத்தம் சொல்லப் போகவில்லை. எந்தப் பக்கத்தில் வழி தவறினீர்கள் என்று கேட்கப் போனேன். அவர் கூச்சப்படாமல் சொன்னார்: “அஞ்சாவது பாடம் வரைக்கும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போச்சு தங்கச்சி. அப்புறம் கைய விட்டுருச்சு.” போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஆறாவது பாடத்தில் ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாண்டியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் நானும் கூடவே தாண்டியிருக்கிறேன், கவனிக்காமல். நான் தேர்ந்தெடுத்த புத்தகத்தில் ஒரு ஓட்டை இருந்ததை நான் பார்க்கத் தவறினேன். மூன்று பேர் தேறிய பெருமையை இதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் இதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

இதற்குப் பிறகு மண்டோர் ஒரு நாள் தெருவில் என்னை நிறுத்தினார். அண்ணன் அவருடைய கூட்டத்தை விட்டுப் போய்விட்டதில் அவருக்கு ஒரு கை குறைந்திருந்தது.

“ஏம்மா, என் ஆளையெல்லாம் ஒவ்வொண்ணா ஏத்திவிடுறே. நான் மட்டும் இங்கயே நிக்கணுமா?”

“நீங்களும் வகுப்புக்கு வாங்க மாமா.”

“உன் முன்னால ஒக்காந்து கேக்குறதா? நல்லாருக்கும்லா ஊரு சிரிக்க.” இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அது தமிழ்ல இருந்தா நானே பாத்துக்குவேன். இங்கிலீஷ்லயில்ல இருக்கு.”

தமிழில் அப்படி ஒரு புத்தகம் உண்டா என்று நானாவிடம் கேட்டேன். தன் கடைக்கு இதுவரை வந்ததில்லை என்றார். சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்டார், அங்கிருந்தும் இல்லை என்றே பதில் வந்தது.

எனவே நானே உட்கார்ந்தேன். முதல் பாடம் ஒரு பாட்டரிக் கட்டையும் டார்ச் பல்பும் எடுத்துக்கொள்வதில் தொடங்குகிறது. இரண்டாவதில் படகும் இரண்டு பலகையும் வருகின்றன. பலகை எந்த இடத்தில் பொருந்தாது என்பதும் அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது. அண்ணி கேட்ட குழாய்க் கேள்வியை அவள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பல்லிக்குத் தனிப் பாடம். ஆறாவது பாடத்தை, தேறாத அந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் முடிப்பேன்.

நேற்று முதல் மூன்று பாடங்களை நல்ல கையெழுத்தில் படி எடுத்து, நூலால் தைத்து, மண்டோர் வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். கூடவே ஒரு பென்சிலும் கொடுத்தேன்.

“எதுக்கு பென்சிலு?”

“எங்க புரியலையோ அங்க ஒரு கோடு போடுங்க மாமா.”

அவர் தாளைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “கனமே இல்லியே” என்றார். பிறகு வெளிச்சம் விழும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினார்.